கத்தி இல்லாமல் மூலத்துக்குச் சிகிச்சை: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"உடம்பு சூடா இருக்கு சிஸ்டர், வேற ஒண்ணும் இல்ல." எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு மூலத்தோடு வருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் தொடங்குவார்கள். ஓ.பி. சீட்டில் எழுதியிருப்பதைப் பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடக் கூடாதென்று நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருப்பார்கள். கூட வந்தவரை வெளியே நிற்கச் சொன்ன பிறகுதான் அடுத்த வார்த்தை வரும். எத்தனை நாளாக என்று கேட்டால் நாலு வருடம், ஏழு வருடம் என்பார்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றால், "ஆபரேஷன் பண்ணிடுவாங்கன்னு பயம்."

நான் 14 வருடமாக அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் மூலம் வந்தது. சில மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு பேண்டு போட்டுக்கொண்டேன், அதாவது மூலச் சதையின் கழுத்தைச் சின்ன ரப்பர் வளையத்தால் இறுக்கும் சிகிச்சை. அந்தச் சிகிச்சை மேசைக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன், அதன் மேல் படுத்தும் பார்த்திருக்கிறேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: மூலம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படாது. பலருக்குச் சாப்பாட்டை மாற்றினாலே அடங்கிவிடும். அப்படி அடங்காதவர்களில் நிறையப் பேருக்கு, மயக்க மருந்து கொடுக்காமல், வார்டில் சேர்க்காமல், பத்து நிமிடத்தில் முடிகிற சிகிச்சை இருக்கிறது.

முதலில், அது மூலம்தானா?

ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. காற்றும் நீரும் தானாகக் கசிந்துவிடாமல் மூடி வைப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது. முக்குவது, மலச்சிக்கல், கர்ப்பம், மணிக்கணக்காகக் கழிவறையில் உட்கார்வது போன்ற காரணங்களால் அந்த மெத்தை வீங்கி, பிடிப்பு தளர்ந்து கீழே இறங்கும்போதுதான் அதை மூலம் என்கிறோம்.

உள்மூலத்தின் அடையாளம், வலி இல்லாத ரத்தம். மலம் போய் முடிக்கும்போது பளிச்சென்ற சிவப்பில் சொட்டுச் சொட்டாக விழும், சிலருக்குப் பீய்ச்சும். மலத்தோடு கலந்திருக்காது, அதன் மேல் கோடாகப் படிந்திருக்கும்.

மலம் போகும்போது கண்ணாடித் துண்டால் கிழிப்பதுபோல வலித்து, அந்த எரிச்சல் மணிக்கணக்கில் நீடித்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் ஒரு சின்னத் துளை, அதில் அவ்வப்போது சீழ் கசிந்து உள்ளாடை நனைகிறது என்றால் பௌத்திரமாக இருக்கலாம். இவை இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆசனவாய் ஓரத்தில் ஒரே ராத்திரியில் திராட்சைபோல நீலமாக வீங்கித் தொட்டாலே உயிர் போகிறது என்றால், வெளிமூலத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கும். முதல் மூன்று நாட்களுக்குள் வந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து அதை எடுத்துவிட முடியும். அதற்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் வலி தானாகவே குறைய ஆரம்பித்திருக்கும். வெந்நீரிலும் மாத்திரையிலும் அடங்க விடுவார்கள்.

இன்னொன்று, இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். 45 வயதைத் தாண்டியவர்கள், ரத்தம் கறுத்தோ மலத்தோடு கலந்தோ வருகிறவர்கள், உடல் எடை காரணமில்லாமல் குறைகிறவர்கள், சில வாரங்களாக மலம் போகும் வழக்கமே மாறிப்போனவர்கள், வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்தவர்கள் எல்லோரும் மூலத்துக்கு மருந்து தேடும் முன் பெருங்குடலை உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். மூலமும் இருந்து, அதற்கு மேலே வேறொன்றும் ஒளிந்திருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள்.

எந்தப் படியில் இருக்கிறீர்கள்?

உள்மூலத்தை நான்கு படியாகப் பிரிப்பார்கள். ரத்தம் மட்டும் வரும், சதை வெளியே தெரியாது என்றால் முதல் படி. முக்கும்போது வெளியே வந்து, எழுந்ததும் தானே உள்ளே போய்விட்டால் இரண்டாம் படி. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாம் படி. தள்ளினாலும் போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டால் நான்காம் படி. கத்தி இல்லாத சிகிச்சை முதல் இரண்டு படிக்கு நன்றாகப் பொருந்தும், மூன்றாம் படியில் பலருக்குப் பொருந்தும். நான்காம் படிக்கு அதை நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

டாக்டர் இதைத்தான் முதலில் கேட்பார். சதை வெளியே வருகிறதா, தானாகப் போகிறதா, தள்ள வேண்டியிருக்கிறதா என்று வீட்டிலேயே கவனித்துக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் சில வாரம்: தட்டும் தண்ணீரும்

பேண்டு, ஊசி எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. அவற்றைச் செய்துகொண்ட பிறகும் விடாமல் தொடர வேண்டியதும் இதுவே. நார்ச்சத்தைக் கூட்டினால் மூலத்தில் ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது இரண்டு நாளில் நடக்காது. ஆறு வாரமாவது பொறுமை வேண்டும்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். நம் தட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார் அரை கிராம்கூடத் தேறாது. அதே 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 11 கிராம். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 7 கிராமுக்கு மேல். ஒரு கொய்யாப்பழம் சுமார் 5 கிராம், ஒரு வாழைப்பழம் 3 கிராம். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று போனால் எவ்வளவு சாப்பிட்டாலும் கணக்கு நிறையாது. காலையில் கேழ்வரகுக் கூழோ களியோ, மதியம் சோற்றுக்குச் சமமாகப் பொரியலும் கீரையும், சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல், ராத்திரி ஒரு கொய்யா. இவ்வளவு போதும்.

கோழிக்கறி சூடு, அதைத் தொடவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கவனித்தவரை கோழி ஒன்றும் செய்வதில்லை. பிரியாணி சாப்பிடுகிற அன்று தட்டில் காயும் இருக்காது, பழமும் இருக்காது, தண்ணீரும் குறைவாகத்தான் குடித்திருப்பார்கள். மறுநாள் காலை முக்க வேண்டிவரும், ரத்தம் வரும், பழி கோழி மேல் விழும். கறி சாப்பிடுங்கள், கூடவே காயும் சாப்பிடுங்கள். காரம் சாப்பிட்டால் எரிகிறது என்றால் மட்டும் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கருணைக்கிழங்கு, துத்திக்கீரை, பிரண்டைத் துவையல் எல்லாம் மூலத்துக்கு நல்லது என்று பாட்டிகள் சொல்வதைத் தாராளமாகக் கேளுங்கள். நல்ல உணவுதான், நாரும் உண்டு. அவற்றைச் சாப்பிட்டுவிட்டு, காட்ட வேண்டிய ரத்தத்தைக் காட்டாமல் இருந்துவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை.

சாப்பாட்டில் சேர்க்க முடியாதவர்களுக்கு இசப்கோல் உமி இருக்கிறது. இதில் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். கால் டம்ளர் தண்ணீரில் குழைத்து முழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார்கள். மறுநாள் மலம் இன்னும் இறுகிப் போகும். அது தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை மெத்தென்று ஆக்குகிறது. தண்ணீர் இல்லாவிட்டால் எதை உறிஞ்சும்? ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி, கூழாக ஊறும் முன் உடனே குடியுங்கள். பிறகு இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை, தைராய்டு, இதயம் என்று வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். முதல் வாரம் வயிறு உப்பும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகிவிடும். விழுங்கக் கஷ்டப்படும் முதியவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கழிவறை. போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், உந்துதல் வந்ததும் மறுபடி போகலாம். வெஸ்டர்ன் கழிவறையில் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்கால் உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்தால் முக்குவது குறையும். கடையிலோ வேலையிடத்திலோ வருகிற உந்துதலை அடக்கி அடக்கித்தான் பலருக்கு இது ஆரம்பிக்கிறது. வெளியிடங்களில் சுத்தமான கழிவறை இல்லாத பெண்களுக்கு இதை எப்படி அறிவுரையாகச் சொல்வது என்று எனக்கே சங்கடமாக இருக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நேரத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

எரிச்சலும் வீக்கமும் இருக்கும்போது, அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை. உப்பும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். கடையில் கேட்டு வாங்கும் களிம்பு மரக்க வைக்கும், ஆனால் சதையைச் சுருக்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தடவிக்கொண்டிருந்தால் அந்த இடத்துத் தோல் மெலிந்துபோகும்.

கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இந்தச் சாப்பாடு, தண்ணீர், வெந்நீர் முறையோடு நிறுத்திக்கொள்வோம். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானே வற்றிவிடும். எனக்கு வற்றவில்லை.

யாரிடம் போவது?

அரசு மருத்துவமனை என்றால் பொது அறுவை சிகிச்சைப் பிரிவு. பெயரில் அறுவை இருக்கிறதென்று பயப்பட வேண்டாம். கத்தி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தனியாரிலும் பொது அறுவை சிகிச்சை நிபுணரையோ குடல் சிகிச்சை நிபுணரையோ பாருங்கள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் "ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் மூலம் குணம்" என்று போன் நம்பரோடு ஒட்டியிருப்பதைப் பார்த்துப் போகாதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். படிக்காதவர்கள் என்ன மருந்தென்றே சொல்லாமல் அங்கே ஊசி போட்டு, சதை கருகி, ஆசனவாய் சுருங்கி, ஒரு விரல்கூட நுழையாத நிலையில் வந்தவருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். முதலில் அவருக்கு இருந்தது இரண்டாம் படி மூலம். சுவரில் எழுதியிருக்கும் வாக்கியத்தில் "ஆபரேஷன் இல்லாமல்" என்பது நடக்கக்கூடியதுதான். யார் கையால், எந்த மருந்தால் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

லேசர் என்றதும் கத்தி இல்லை, மயக்கம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பொதுவாக ஆபரேஷன் தியேட்டரில், முதுகில் ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ செய்வது. தேவைப்படுகிறவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் இரண்டாம் படி மூலத்தோடு போகிறவர், பேண்டு போட்டால் போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சம்மதிக்கட்டும். சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் காரநூல், அதாவது மருந்து பூசிய நூல், கட்டுவதும் உண்டு. அது முக்கியமாகப் பௌத்திரத்துக்குப் பெயர் பெற்றது. முறையாகப் படித்தவரிடம் மட்டுமே போக வேண்டும்.

பரிசோதனை அறையில்

இங்கேதான் எல்லோருக்கும் உடம்பு நடுங்கும். நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு மடக்கிப் படுக்கச் சொல்வோம். மேலே துணி போர்த்துவோம், தேவையான இடம் மட்டும்தான் திறந்திருக்கும். பெண்களுக்குப் பெண் செவிலியர் கூடவே இருப்பார். இல்லாவிட்டால் கேளுங்கள், அது உங்கள் உரிமை. டாக்டர் முதலில் வெளியே பார்ப்பார். பிறகு கையுறை போட்ட விரலில் ஜெல்லி தடவி உள்ளே பார்ப்பார். அடுத்தது புரோக்டோஸ்கோப். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனான, விரல் நீளமுள்ள குழாய். முனை வழவழப்பாக இருக்கும். உள்ளே போகும்போது மலம் வருவதுபோலத் தோன்றும், ஆனால் வராது. வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே, மலம் கழிப்பதுபோல லேசாக முக்கினால் தசை விரிந்து சுலபமாகப் போகும். இறுக்கிப் பிடித்தால்தான் வலிக்கும். ஒரு நிமிட வேலை.

எங்களுக்கு இது தினமும் பார்ப்பது. யாருடைய முகத்தோடும் இதைச் சேர்த்து நாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நான் அந்த மேசையில் படுத்தபோது என்னோடு வேலை பார்க்கிற அக்காதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் இருவரும் சேர்ந்து டீ குடித்தோம்.

மூன்று வழிகள், அதில் ஒன்றைப் பற்றி விரிவாக

முதல் வழி, ஊசி. பாதாம் எண்ணெயில் 5 சதவீதம் ஃபீனால் கலந்த மருந்தை மூலத்தின் வேர்ப்பகுதியில் செலுத்துவது பழைய முறை. இப்போது பாலிடோகனால் என்ற மருந்தை நுரையாகவும் பயன்படுத்துகிறார்கள். ரத்தம் மட்டும் வருகிற சின்ன மூலத்துக்கு ஏற்றது. பாதாம், கொட்டை வகை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு ஆண்களுக்குச் சிறுநீரில் ரத்தமோ காய்ச்சலோ வந்தால் உடனே திரும்பி வர வேண்டும். இரண்டாவது வழி, அகச்சிவப்புக் கதிரால் வேர்ப்பகுதியில் ஒன்றிரண்டு விநாடி சூடு வைத்துச் சுருக்குவது. இதுவும் சின்ன மூலத்துக்குத்தான். எல்லா மருத்துவமனையிலும் அந்தக் கருவி இருக்காது.

மூன்றாவது, ரப்பர் பேண்டு. நான் அதிகம் பார்த்ததும், எனக்கே செய்துகொண்டதும் இதுதான். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் பாரன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1963-இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

ஒரு சின்னக் கறுப்பு வளையம். கையில் வைத்தால் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். துளையில் குண்டூசித் தலை நுழையும், அவ்வளவுதான். அதைக் கூம்பு ஒன்றில் ஏற்றி, விரித்து, கருவி முனையில் உள்ள உருளை மேல் மாட்டி வைப்பது என் வேலை. பேண்டு அறுந்தால் உதவட்டுமென்று இரண்டாக மாட்டுவதும் உண்டு. டாக்டர் புரோக்டோஸ்கோப் வழியாகக் கருவியை உள்ளே விட்டு, வீங்கிய சதையை இடுக்கியால் பிடித்தோ உறிஞ்சியோ உருளைக்குள் இழுப்பார். இழுத்ததும் விசையை அழுத்த மாட்டார். "வலிக்குதா?" என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சை முழுவதுமே இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆசனவாய்க்குள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பற்களைப்போல வளைந்து ஓடும் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்கு மேலே உள்ள சதைக்கு, வெட்டினால் சுட்டால் தெரிகிற மாதிரியான வலி தெரியாது. அதற்குக் கீழே விரல் நுனியைப்போலக் கூர்மையாகத் தெரியும். பேண்டு கோட்டுக்கு மேலே விழ வேண்டும். இழுக்கும்போதே ஊசி குத்துவதுபோல வலித்தால் இடம் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டர் விட்டுவிட்டு இன்னும் மேலே பிடிப்பார். டாக்டர் கோபித்துக்கொள்வாரென்று பல்லைக் கடித்துக்கொண்டு "இல்ல சார், பரவாயில்ல" என்று சொன்ன ஒரு அண்ணன் அன்று சாயங்காலமே அலறிக்கொண்டு திரும்பி வந்தார். பேண்டை வெட்டி எடுத்ததும் அடங்கியது. முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஆறு மணி நேர வேதனை இல்லை.

வலி இல்லை என்றதும் "டிக்" என்று ஒரு சத்தம். பேண்டு சதையின் கழுத்தை இறுக்கிவிட்டது. இனி அதற்கு ரத்தம் போகாது. சில நாளில் சதை வாடி, பேண்டோடு சேர்ந்து மலத்தில் விழுந்துவிடும். விழுந்த இடத்தில் உண்டாகும் சின்னத் தழும்பு, மேலே உள்ள சதையையும் உள்தசையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மூலம் வழக்கமாக மூன்று இடத்தில் இருக்கும். கடிகார முகமாக நினைத்தால் 3, 7, 11 மணி இருக்கும் இடங்கள். ஒரே நாளில் ஒன்றோ இரண்டோ கட்டிவிட்டு, மீதியைச் சில வாரம் கழித்து வரச் சொல்வதும் உண்டு, மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதும் உண்டு. ஒன்றொன்றாகக் கட்டினால் வலி குறைவு என்பது நான் பார்த்தது.

கட்டும் முன் என்ன சொல்ல வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் அல்லது இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுத்த எதுவாக இருந்தாலும் சீட்டையே எடுத்து வாருங்கள். பேண்டு விழும் நாளில் ரத்தம் நிற்காமல் போகலாம். அதற்காக நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிட்டும் வராதீர்கள், அது இதயத்துக்கு ஆபத்து. இரண்டு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இருந்தால், ரப்பர் ஒவ்வாமை இருந்தால், கர்ப்பமாக இருந்தால், கல்லீரல் நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பட்டினி கிடக்க வேண்டாம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு வருவதே நல்லது. வெறும் வயிற்றோடு வந்து, கட்டி முடித்து எழுந்ததும் வேர்த்துத் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. மலம் போய்விட்டு வந்தால் வசதி. சில இடங்களில் எனிமா கொடுப்பார்கள். கூட ஒருவரை அழைத்து வாருங்கள், பைக்கை அவர் ஓட்டட்டும்.

கட்டிய பிறகு பத்து நாள்

முதல் நாள் முழுக்க மலம் வந்து முட்டி நிற்பதுபோலவே இருக்கும். அது மலம் இல்லை, பேண்டு பிடித்த சதை. அதை வெளியேற்றிவிடலாமென்று முக்கினீர்களோ, பேண்டு வழுக்கி அவிழ்ந்துவிடலாம், வீக்கமும் கூடும். இதை எத்தனை முறை சொல்லி அனுப்பினாலும் ராத்திரி ஒரு முறையாவது போய் உட்கார்ந்து பார்ப்பார்கள். நானும் உட்கார்ந்தேன். தெரிந்தே செய்தேன், அவ்வளவு நிஜமாக இருந்தது அந்த உந்துதல். ஒரு நாள் பொறுத்தால் தானாகக் குறையும்.

மந்தமான வலி இரண்டு மூன்று நாள் இருக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வகை வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வெந்நீரில் உட்காருங்கள். நார்ச்சத்தும் தண்ணீரும் ஒரு நாள்கூட விடக் கூடாது, தேவைப்பட்டால் மலம் இளக மருந்தும் எழுதித் தருவார்கள். மறுநாளே வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மூட்டை தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது, குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறுவது எல்லாம் ஒரு வாரம் வேண்டாம்.

ஐந்து முதல் பத்து நாளுக்குள் பேண்டு விழும். விழுந்ததைப் பார்த்தவர்கள் குறைவு, தேட வேண்டியதும் இல்லை. அன்று கொஞ்சம் ரத்தம் வரும். "பேண்டு போட்டும் ரத்தம் வருதே" என்று பயந்து போன் செய்வார்கள். ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவு வந்து நின்றால் பயமில்லை.

பயப்பட வேண்டியது எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டி கட்டியாக ரத்தம், நிற்காத ரத்தம், எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். இது இரண்டாவது வாரத்தில்கூட வரலாம், அதனால் அந்த வாரத்தில் தொலைதூரப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்தானது: நாளாக நாளாகக் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போகிறது, காய்ச்சல் அடிக்கிறது, சிறுநீர் போக முடியவில்லை. இவற்றில் ஒன்று வந்தாலும் உள்ளே சீழ் பிடித்துப் பரவுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, காலை வரை காத்திருக்காதீர்கள்.

திரும்ப வருமா?

வரலாம். இதை மறைத்துச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்வது நியாயமில்லை. பிரிட்டனில் நடந்து 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், பேண்டு போட்டவர்களில் 49 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தொந்தரவு திரும்பியது. தியேட்டரில் மயக்கம் கொடுத்து மூலத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் தைத்துக் கட்டியவர்களில் 30 சதவீதம். ஆனால் இரண்டாம் முறை பேண்டு போட்டுச் சரியானவர்களையும் சரியானவர்கள் என்றே எண்ணிக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் மிஞ்சவில்லை. பேண்டை ஒரே நாளில் முடிகிற விஷயமாக நினைக்காமல், இரண்டு மூன்று தவணையாக நினைத்துக்கொண்டு வாருங்கள். முதல் தவணைக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு அடுத்தது. மூன்று முறை கட்டியும் அடங்காதவர்கள், சதை வெளியிலேயே நிற்பவர்கள், உள்மூலமும் வெளிமூலமும் பெரிதாகச் சேர்ந்திருப்பவர்கள் அறுவை சிகிச்சையைப் பற்றி டாக்டரிடம் பேசத்தான் வேண்டும்.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிற ஒரு அம்மா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இதயத்துக்குக் காட்ட வந்திருந்தார். ஹீமோகுளோபின் 5.8. ரத்தம் ஏற்றிவிட்டு எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், மூன்று வருடமாக மலத்தோடு ரத்தம். மாதவிலக்கு என்று வீட்டில் சொல்லி மறைத்திருக்கிறார். பெருங்குடல் முழுக்கக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், அங்கே வேறு ஒன்றும் இல்லை. இரண்டாம் படி மூலம் மட்டும்தான். ஒரு பேண்டு கட்டி அனுப்பினோம்.

ஆறாவது வாரம் அவரே வந்தார். 9.4. ரத்தம் நின்றிருந்தது. இன்னொன்று கட்டினோம். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருந்தார், மலம் கறுப்பாகப் போகிறதே, உள்ளே மறுபடி ரத்தமோ என்று பயந்து. அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், கொஞ்சம் இறுகவும் செய்யும், அதனால் இசப்கோலையும் தண்ணீரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் அதைத் தொடர வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றார்.